கோபம் இருந்தால்தான் உரிமையாளர்

ஸ்மார்ட் கார்டு தயாரிக்கும் அந்தக் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் அவரைப் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டுவது அவர் வேலை. அவர் பூட்டியதை உடைத்துப் பார்ப்பது பக்கத்து மேஜை அக்காவின் வேலை, அதனால் அவளுக்குத் திருடி என்று பேர். கம்பெனியே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் திருடி. நாள் முழுக்க இரண்டு பேரும் எலியும் பூனையுமாக இருப்பார்கள், மத்தியானம் ஒரே டப்பாவில் கை வைப்பார்கள்.

பூட்டு கடைசியாகச் செய்தது செல்போனுக்கான ஒரு சிப். கைரேகை, கடவுச்சொல் எல்லாம் பழங்கதையாம், எவன் வேண்டுமானாலும் திருடிவிடுவானாம். ஆனால் ஒருத்தன் நடக்கிற நடையையும் பிடிக்கிற பிடியையும் பேசுகிற குரலையும் யார் திருட முடியும்? இந்தச் சிப் ஒரு வாரம் கூடவே இருந்து உரிமையாளரைப் படித்துக்கொள்ளும். அப்புறம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆள் மாறினதாகத் தோன்றினால் பேச்சுக்கு நடுவிலேயே பூட்டிக்கொள்ளும். வருகிற அழைப்பை எடுக்கக்கூட உரிமையாளர்தான் வர வேண்டும். "செஞ்சவனே வந்து நின்னாலும் திறக்கக் கூடாது" என்று மார்தட்டிக்கொண்டு, முதல் ஆளாகத் தன் போனிலேயே போட்டுக்கொண்டார். கொழுப்புதான், வேறென்ன.

அது அவரைப் படித்த வாரம் இருக்கிறதே, அங்கேதான் வினை. தன் வீட்டு வாசல் கதவுக்கும் ஒரு கார்டுப் பூட்டை மாட்டினார், மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காய்கறிப் பையோடு மழையில் நனைந்துகொண்டு நின்றவள், "என் வீட்டுக்குள்ள வர, நான் யாருன்னு நான் நிரூபிக்கணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார் மகானுபாவர். அந்த வாரம் முழுக்க இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாரக் கடைசியில் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீடு வெறிச்சோடியதும் கோபம் எல்லாம் வடிந்துபோனது. சோதனைக் கூடத்தில் அசடாக உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், போன் திரையில் அவள் செய்தி வந்தது. "இங்க ஒரு வேலை கிடைச்சிருக்கு. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். கூப்பிட்டுப் பேசுங்க. இல்லன்னா இங்கேயே இருந்துடுறேன்."

அவருக்கு உயிர் வந்தது. போனைப் பூப்போல எடுத்து, "கண்ணம்மாவைக் கூப்பிடு" என்றார்.

"நீங்கள் உரிமையாளர் அல்ல" என்றது போன்.

துடைத்துப் பார்த்தார், நடந்து பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கெஞ்சக் கெஞ்ச அதற்குச் சந்தேகம்தான் வலுத்தது. மேஜையில் பழைய தரைவழிப் போன் ஒன்று இருந்தது, ஆனால் மனைவியின் எண் மனப்பாடம் இருந்தால்தானே? அது சிப்புக்குள் பத்திரமாகப் பூட்டிக் கிடந்தது.

"தம்பி, இது உங்களைப் படிச்ச வாரம் நீங்க எப்படி இருந்தீங்க?" என்று கேட்டாள் திருடி.

"சண்டைல இருந்தேன்."

"அப்ப சரியாத்தான் சொல்லுது. அதுக்குத் தெரிஞ்ச ஆள் நீங்க இல்ல."

அதற்காக நினைத்தவுடன் கோபம் வருமா? மேஜையைத் தட்டினார். போன் நம்பவில்லை, நடிப்புக்கெல்லாம் மசியாதபடி செய்தவரும் அவர்தானே. திருடி கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க போன வருஷத்துப் பூட்டை நான் உடைச்சுப் பார்க்கவே இல்ல தம்பி. பாவமா இருந்துச்சு, பாஸ்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள்.

பூட்டுக்குக் காது சிவந்தது. போன் திறந்துகொண்டது, அழைப்பும் போனது.

"சொல்லுங்க" என்றாள் மனைவி.

"தப்பு என் மேலதான்டி," என்று உறுமினார். "நீ இல்லாம வீடு வீடாவே இல்ல, தெரியுதா?"

"இதுக்கு எதுக்குக் கத்துறீங்க?"

அவள் குரல் கேட்டதுமே அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. போன் எச்சரிக்கையாகப் பீப் அடித்தது. திருடி அவர் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"கத்தினாத்தான் இது என்னை நம்புது," என்று அலறினார். "சாந்தமாப் பேசினா நான் வேற ஆளாம். மன்னிச்சிடு. அந்தக் கதவுப் பூட்டைக் கழட்டிக் குப்பையில போட்டுட்டேன். வா."

"அந்த போன் சொல்றது சரிதாங்க," என்றாள் அவள். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நீங்க கத்துறப்பதான் வீட்ல நீங்க இருக்கீங்கன்னே தெரியும். மத்த நேரம் சிப்பும் நீங்களுமா இருப்பீங்க."

அதற்கு மேல் என்ன கோபத்தை வரவழைப்பது? மனுஷன் உடைந்து அழுதுவிட்டார். அழுகுரல் கேட்டதும் போன் டக்கென்று பூட்டிக்கொண்டது.

உடனே அது அடிக்க ஆரம்பித்தது. அவள்தான் திருப்பிக் கூப்பிடுகிறாள். திருடி அவர் மூளையைத் திட்டினாள், மூக்கைத் திட்டினாள், கம்பெனிக்கே அவர் தண்டச்சோறு என்றாள். "ஆமாக்கா, உண்மைதான்" என்று தேம்பினார் அவர். எவனோ ஒருவன் அழுதுகொண்டு நிற்கிறான் என்று போன் கடைசிவரை அவரை விடவில்லை. அழைப்பு ஓய்ந்தது.

அப்போது மேஜையில் இருந்த தரைவழிப் போன் அடித்தது. சிப்பும் கிடையாது, பூட்டும் கிடையாது, யார் எடுத்தாலும் பேசும் கழுதை. திருடி எடுத்தாள்.

"அங்க ஒருத்தர் அழுதாரே, அவர்கிட்ட குடுங்க" என்றாள் மனைவி. அவர் ஆபீஸ் எண் அவளுக்கு மனப்பாடம்.

தொழில் புத்தி எங்கே போகும்? "அது அவர்தான்னு நிச்சயமாத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள் திருடி.

"இந்த ஆளைக் கல்யாணம் ஆன புதுசுல பார்த்திருக்கேன். குடுங்க."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாங்கிக் காதில் வைத்தார்.

"அழுது முடிச்சிட்டீங்களா?"

"ம்."

"அந்த வேலை வேண்டாம்னு சொல்லிடுறேன். ஆனா ஒண்ணு. என் நம்பரைச் சொல்றேன், மனப்பாடம் பண்ணுங்க."

அவள் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். நடுவில் ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னார். அவள் முதலில் இருந்து மறுபடி சொல்லிக்கொடுத்தாள்.