ராகு காலத்தில் திறக்காத விளையாட்டு

அந்த வெள்ளிக்கிழமை மந்தைவெளி மாடி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர். கிழக்குப் பார்த்த நாற்காலியில் நிறுவனத்தின் உரிமையாளர் சுந்தரராமன். எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே, கணினி விளையாட்டை வாங்கி விற்பதற்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஹனீஃபா. கணினி முன்னால் சுந்தரராமனின் தங்கை மகள் ஹம்சினி. நிரல் முழுவதும் அவள் எழுதியது. நாற்காலி போதாததால் ஜன்னல் திட்டில் ஜாஸ்மின், படங்கள் அவளுடையவை.

திரையில் ஒரே ஒரு வரி நின்றது: 'தற்சமயம் ராகு காலம். பிறகு வரவும்.'

இந்த வரியால்தான் 'திருமயிலை டிஜிட்டல் கேளிக்கை' நிறுவனம் எழுந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தொண்ணூற்றாறில் ஹம்சினி எழுதிய விளையாட்டுக்கு 'அலைத்தாண்டி' என்று பெயர். ஒரு கட்டுமரம் ஏழு அலைகளைத் தாண்ட வேண்டும். ஏழாவதற்கு அப்பால் பெசன்ட் நகர்க் கரை, மாதா கோயில் விளக்குகள், மீன்கூடையோடு காத்து நிற்கும் ஒரு பெண். ஜாஸ்மின் தன் அம்மாவைப் பார்த்து வரைந்தது. அந்தக் கரையை வெளியார் ஒருவராவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் ஹம்சினியின் ஆசை.

சுந்தரராமனின் ஆசை வேறு. "எந்தக் காரியமும் நல்ல நேரத்துல ஆரம்பிக்கணும்டி. வெளையாட்டும் காரியம்தானே?" என்றார். வீடும் மாமாவுடையது, கணினிகளும் மாமாவுடையவை. ராகு காலத்தில் திறக்காதபடி அவள் எழுதிக் கொடுத்தாள். நடுவில் ராகு காலம் வந்தால் கட்டுமரம் அப்படியே நின்றுவிடும். மறுபடி திறந்தால் முதல் அலைதான். தடைப்பட்ட காரியத்தை முதலிலிருந்து தொடங்குவதே முறை என்பது மாமா கட்சி.

அசட்டுத்தனம் என்றுதான் ஹம்சினி நினைத்தாள். ஆனால் வாரப் பத்திரிகை ஒன்று 'பஞ்சாங்கம் பார்க்கும் கம்ப்யூட்டர்' என்று துணுக்கு போட்டதும் பாண்டி பஜார் கடைகளில் 'அலைத்தாண்டி' அடுக்கி மாளவில்லை. வாங்கியவர்கள் பிள்ளைகள் அல்லர், தாய்மார்கள். தானாக நின்றுபோகும் விளையாட்டை அவர்கள் அதுவரை கண்டதில்லை. எமகண்டத்தையும் சேர்க்கச் சொல்லி தி. நகரிலிருந்து கடிதங்கள் வந்தன. சேர்த்தார்கள். அடையாறு குளிகையைக் கேட்டது. பிறகு சந்திராஷ்டமம் வந்தது. அதற்காக, ஆட வந்தவனிடம் விளையாட்டே நட்சத்திரம் கேட்டது. திறக்காத நேரம் பெருகப் பெருக விற்பனையும் பெருகியது. ஐந்தாவது அலையைக் கண்டதாக ஒரு பையன் எழுதியிருந்தான். அதற்கு மேல் போனவர் எவருமில்லை.

"கடிகாரத்த ஒரு மணி நேரம் தள்ளி வெச்சுடறேன் மாமா," என்றாள் ஹம்சினி, விருந்தாளிக்குக் கேட்காத குரலில்.

"கம்ப்யூட்டர ஏமாத்தலாம். ராகுவ ஏமாத்துவியா? வெளில தெரிஞ்சா ஒரு மாமியாவது நம்மள நம்புவாளா?"

ஹனீஃபாவுக்கு அது கேட்டுவிட்டது. சிரித்தார். "நாங்களும் நேரம் பாக்குறவங்கதான் சார். ஆனா நேரம் வந்தா, செய்யுற வேலைய நிறுத்துவோம். உங்க மெஷின் ஆரம்பிக்கவே மாட்டேங்குதே."

ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு இரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். இந்த முறை விளையாட்டு திறந்தது. நீலக் கடல் விரிந்தது. ஹம்சினி மூச்சு விட்டாள். 'தங்கள் நட்சத்திரம்?' என்றது திரை.

"எனக்கு ஏது சார் நட்சத்திரம்?"

"பேர வெச்சுப் பாத்துடலாம்," என்று சுந்தரராமன் உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஹ எழுத்து. புனர்பூசம், மூணாம் பாதம். மிதுன ராசி. போடு."

போட்டாள். கடல் மறைந்தது. 'இன்று தங்களுக்குச் சந்திராஷ்டமம். கடற்பயணம் தவிர்க்கவும்.'

ஹனீஃபா எழுந்து கைகுலுக்கினார். மறுநாள் காலை அவருக்கு விமானம்.

"நல்ல காலம். சந்திராஷ்டமத்துல ஒப்பந்தம் போட்டிருந்தா வெளங்கியிருக்காது," என்றார் சுந்தரராமன். அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

"இன்னா மேடம் இது, பத்து மாசமா வரைஞ்சுக்கினு கெடந்தேன், எங்கம்மா மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல," என்றாள் ஜாஸ்மின் படியிறங்கும்போது. "கூடையோட அப்படியே நின்னுக்கினு கீது, பாவம்."

அடுத்த பொதுத்தேர்வுக்குள் சரிவு வந்தது. தாய்மார்கள் கேட்டபடி பரீட்சை மாதங்களையும் அடைத்ததும் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். தெருவில் ஆடுகிறவர்களுக்குக் கட்டுமரம் எதற்கு என்று தாய்மார்களும் வாங்குவதை நிறுத்தினார்கள். சுந்தரராமன் அசரவில்லை. அதே கணினிகள், அதே பஞ்சாங்க நிரல். பெயர்ப்பலகையை மட்டும் 'திருமயிலை கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று மாற்றினார். வாசலில் வரிசை நின்றது. ஜாஸ்மின் ராசிக் கட்டங்களுக்கு மீனும் நண்டும் வரைந்தாள்.

ஹம்சினி மட்டும் ஜாதகம் போட மறுத்தாள்.

"கடிகாரம் இல்லாத அலைத்தாண்டி ஒண்ணு பண்ணியிருக்கேன் மாமா. ஹனீஃபாவுக்கு அனுப்பப்போறேன்."

"கம்பெனி பேர்லயா? நான் ஒத்துக்க மாட்டேன்."

"என் பேர்லதான். நாளைலேர்ந்து நான் வரலை."

"ஒன் இஷ்டம்," என்று அவர் அடுத்த ஜாதகத்தைக் கையில் எடுத்தார்.

மயிலாப்பூர் தபால் நிலையத்தில், பேனா கட்டியிருந்த மேசையில் நின்றபடியே எழுதினாள்: 'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். இத்துடன் ஒரு கணினித் தட்டு இணைத்துள்ளேன். இது தங்களிடம் எதுவும் கேட்காது. தாங்கள் இதை விற்க வேண்டாம். ஏழாவது அலைக்கு அப்பால் ஒரு பெண்மணி காத்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். இப்படிக்கு, ஹம்சினி.'

"உள்ள இன்னாம்மா?" என்றார் எழுத்தர்.

"விளையாட்டு."

அவர் உறையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அவள் பசை தடவி மடிப்பை ஒட்டி, கட்டை விரலால் ஓரம் முழுக்க அழுத்தினாள். அவர் முத்திரை குத்தி, பின்னாலிருந்த சாக்கில் போட்டார்.