ஒரு புடவை, இரண்டு மணப்பெண்கள்

செலின் டிரங்குப் பெட்டியை மூன்றாம் முறையாகக் கவிழ்த்துக் கொட்டினாள். அம்மாவின் பழைய சட்டை, இடுப்பில் உடுத்தும் முண்டு, ஜெபமாலை எல்லாம் விழுந்தன. கல்யாணப் புடவையை மட்டும் காணோம்.

முன்னறையில் அம்மா பிலோமி வெள்ளை உடுத்திப் படுத்திருந்தாள். காலையில் பால் விடாத கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்று குறையும் சொல்லிவிட்டுப் போன உயிர். நாலு மணிக்குப் பாதிரியார் வந்துவிடுவார். அந்தக் கடப்புறத்து மீனவர் ஊரில், தாலி கட்டும்போது தலையில் போர்த்திய புடவையைப் போர்த்தித்தான் பெண்களைப் பெட்டியில் வைப்பார்கள். "அது இல்லாம என்னை எடுத்தீங்க, எந்திரிச்சு வந்துருவேன்" என்று அம்மா போன வாரம்கூட மிரட்டியிருந்தாள்.

"ஏலிச்சித்தி வீட்ல இருக்கும்க்கா. இந்த வருஷம் அவங்க முறை," என்றான் தம்பி ஜோசி.

செலின் கையிலிருந்த முண்டை அப்படியே கீழே போட்டாள்.

ஏலிக்குட்டி அம்மாவுக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, அதற்கும் மேலே. கரைவலை ஏறும்போது சிதறும் மத்தி மீனைப் போட்டி போட்டுப் பொறுக்கி, ஒருத்தி அடி வாங்கினால் இன்னொருத்தியும் போய் முதுகைக் காட்டி, ஒன்றாகவே வளர்ந்த கழுதைகள். கட்டிக்கொண்டதும் ஒரே வள்ளத்தில் துடுப்புப் போட்ட இரண்டு பேரை. அந்த வருஷம் கடல் கையை விரித்துவிட்டது. தவக்காலம் பிறந்துவிட்டால் கல்யாணமும் கிடையாது, தள்ளிப்போடவும் வழியில்லை. மாப்பிள்ளைகள் இருவரும் சேர்ந்தும் ஒரே ஒரு பட்டுப் புடவைதான் வாங்க முடிந்தது. ஏழு மணிப் பூசையில் பிலோமி, ஒன்பது மணிப் பூசையில் ஏலி. பாதிரியாரும் ஒரே புடவையை இரண்டு தடவை மந்திரித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல இருந்துவிட்டார்.

அன்றிலிருந்து புடவை வருஷத்துக்கு ஒரு வீடு. கடைசியில் யாருக்கு என்பதில் ஐம்பத்தெட்டு வருஷச் சண்டை. "முந்திப் போறவளுக்கு," என்பாள் அம்மா. "உன்னைப் போக விட்டாத்தானேடி," என்பாள் ஏலி.

எழுபத்தெட்டு வயசுக்காரியிடம் போய், நீங்கள் போர்த்திக்கொண்டு போக வைத்திருப்பதைக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? செலின் செருப்பை மாட்டும்போது வாசலில் சலசலப்பு கேட்டது. அழுதுகொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினார்கள்.

செக்கச்சிவந்த பட்டைக் கட்டிக்கொண்டு, ஜரிகை வெயிலில் மினுங்க, ஏலிக்குட்டி வந்துகொண்டிருந்தாள்.

"என்ன சித்தி இது கோலம்?"

"கடைசியா ஒருக்கா கட்டிப் பார்த்தேன். தப்பா?" ஏலி நேரே போய் பிலோமியின் காதருகே குனிந்தாள். "ஏய், நல்லாப் பாத்துக்கோ. இது எனக்குத்தான்டி எடுப்பு. நீ கட்டினா வைக்கோல் பொம்மைக்குச் சுத்தின மாதிரி." சொன்னவள் அப்படியே சிநேகிதியின் நெற்றியில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை.

பிறகு உள்ளறைக்குப் போய்ப் புடவையை அவிழ்த்து, கொசுவத்தை நீவி மடித்துச் செலின் கையில் கொடுத்தாள். அதில் இன்னும் உடம்புச் சூடு இருந்தது.

"உங்களுக்கு வேணாமா சித்தி?" செலின் புடவையைத் திருப்பி நீட்டினாள். "நாளைக்கு உங்களுக்கு என்ன போர்த்துவாங்க?"

ஏலி கீழே கொட்டிக் கிடந்ததைக் கிளறி, பிலோமியின் சட்டையையும் முண்டையும் எடுத்து உடுத்திக்கொண்டாள். சட்டை தோளில் தொளதொளத்தது. "இதையே போட்டு அனுப்பு. அங்க போய் நாங்க மாத்திக்குவோம். இவ தர மாட்டேம்பா, பிடுங்கிக்குவேன்."

செலின் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. ஏலி அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டு வெளியே போனாள்.

கடலோரமாகப் பெட்டி புறப்பட்டது. முன்னால் வாத்தியக்காரர்கள், பெட்டிக்குப் பக்கத்தில் ஏலிக்குட்டி. "ஆட்டாதீங்கடா, அவளுக்குத் தலை சுத்தும்," என்று தூக்கியவர்களை வைதுகொண்டே நடந்தாள். பின்னால் வந்த செலினுக்கு அம்மாவின் அந்த முண்டும், அதன் பின்பக்கம் விசிறிபோல் மடித்துச் செருகிய கொசுவமும்தான் தெரிந்தன. கொசுவம் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. அவள் எட்டி நடந்து போய் அதைச் சரியாகச் செருகிவிட்டாள்.