சாட்சிக் கையெழுத்தும் கம்ப்ரஸரும்

முதலாளி எனக்கு வைத்திருந்த கூலி பாக்கி பதினெட்டாயிரத்து நானூறு. டயர் கடையை விற்றதும் தருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் கடை கைமாறுவதில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவன் கிடையாது.

வாங்கியவர் எதிர்வரிசை இரும்புக்கடைக்காரர். உஷாரான ஆள். "கடைல இருக்குற சாமான் மொத்தமும் உங்களோடது, வேற யாருக்கும் பாத்தியதை இல்ல, தொழிலுக்கு வேண்டியது எதுவும் குறையலன்னு எழுதிக் குடுங்க. அரைப் பணம் இப்ப, மீதி அடுத்த மாசம்" என்றார். முதலாளி எழுதிக் கொடுத்தார். சாட்சிக்கு நான்.

நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன் சும்மா கையெழுத்துப் போடுவேனா? எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன். இருவருக்கும் டீ ஆறிப்போனது. ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. அந்தக் குஷியிலேயே கையெழுத்தும் போட்டேன்.

மாலையில் கம்ப்ரஸரைத் தள்ளுவண்டியில் ஏற்றப்போனேன். கடையின் பழைய கம்ப்ரஸர் வெடித்தபோது, மனைவியின் வளையலை விற்று இருபதாயிரத்துக்கு நான் வாங்கிப்போட்டது அது.

"எங்க தூக்குறீங்க?" என்றார் கடையை வாங்கிய புதியவர்.

"இது என்னோடதுங்க."

"மொத்தமும் அவரோடதுன்னு காலைல பாட்டு மாதிரி படிச்சீங்களே, அது யாரு?"

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கைநாட்டா இருந்தப்ப நாலு பேரக் கேட்டுட்டுத்தான் விரல் வச்சீங்க. இப்பதான் படிப்பு வந்துடுச்சே!"

மறுநாள் அவளும் கடைக்கு வந்தாள். முதலாளியும் அங்கே இருந்தார். "அண்ணே, உங்க பிள்ளைங்க மேல சத்தியமா சொல்லுங்க. அது யாரு காசு?"

முதலாளி கழுத்தைச் சொறிந்தார். "இவன் காசுதாம்மா. எழுதுறப்ப ஞாபகமில்ல."

"அப்ப எழுதிக் குடுத்தது பொய். கம்ப்ரஸர் போயிட்டா கடையும் முழுசில்ல" என்றார் புதியவர். "உங்களுக்குத் தரவேண்டியதுல புடிச்சுக்குவேன்."

"புடிச்சா இவன் கூலிக்கு எங்க போவேன்? முதல் பணம் கடன்காரங்களுக்கே சரியாப் போச்சே!"

இழுபறியாக ஒரு மணி நேரம். கடைசியில் கம்ப்ரஸர் கடையிலேயே நிற்பதென்றும், முதலாளிக்குத் தரவேண்டியதிலிருந்து முப்பதாயிரம் அப்போதே என் கைக்கு வருவதென்றும் முடிவானது. கூலியும் கம்ப்ரஸரும் அதில் அடக்கம். எட்டாயிரத்து நானூறு எனக்கு நஷ்டம்.

பாக்கி இல்லையென்று தாள் எழுதி நீட்டினார்கள். இந்தத் தடவை வாய்க்குள்ளேயே படித்தேன்.

"புரிஞ்சுதா?" என்றாள் மனைவி.

"புரிஞ்சதாலதான் கை வரல."

"போடுங்க. எட்டாயிரத்து நானூறு உங்க பள்ளிக்கூட ஃபீஸ்."

போட்டேன்.