பக்கத்தில் நின்றவள்

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. ஆர்.கே.புரத்தில் மெட்ரோ ஏறியபோது பக்கத்தில் நின்ற பெண் போனில், “அந்த ஒரு வரிய எடுத்துடட்டுமாப்பா?” என்றாள். டில்லித் தமிழர்களுக்கு இப்படி ஒரு தைரியம் உண்டு. சுற்றிலும் ஹிந்திக்காரர்கள்தானே என்று நினைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டியதையெல்லாம் கூட்டத்தின் நடுவே தமிழில் பேசிவிடுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். அவள் அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டாள். என்ன வரி, எதிலிருந்து எடுக்கிறாள் என்பதையெல்லாம் கற்பனை செய்வது என் தலையில் விழுந்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘டாக்டர் சுபாஷிணிக்குச் சிறுவயது முதலே சேவை மனப்பான்மை—’

வேண்டாம். எல்லா விண்ணப்பமும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

மறுபடியும். சுபாஷிணி குழந்தை மருத்துவம் படித்தவள். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சையில் மேற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இன்று நேர்காணல். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் (பெயர் சொல்ல மாட்டேன்) வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில், கூடவே படித்த லக்னோக்காரி கவிதா.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: நீங்கள் தனியாகச் செய்த சிகிச்சைகள் எவை? உள்ளங்கை அளவே இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு மூச்சுவிடக் குழாய் போட்டதாகச் சுபாஷிணி எழுதியிருக்கிறாள். போட்டது சீனியர். அவள் பக்கத்தில் நின்றாள். நின்றதையெல்லாம் செய்ததாக எழுதுவது அவர்கள் டிபார்ட்மெண்டில் வழக்கம். துறைத்தலைவர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். கவிதாவும் அதையேதான் எழுதியிருக்கிறாள்.

(சுபாஷிணியைக் கெட்டவளாக்க மனம் வரவில்லை. நல்லவளாக்கவும் அலுப்பாக இருக்கிறது.)

அவள் அப்பா சிவகுமாருக்குப் போன் போட்டாள். மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பாதி ஆயுள் டில்லியில் கழிந்தும் திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை.

“அப்பா, நான் குழாய் போட்டதே இல்லப்பா. சும்மா பக்கத்துல நின்னேன். உள்ள கேட்டா என்ன சொல்ல?”

“எல்லாரும் எழுதுததுதானட்டி. நீ மட்டும் ஏன் கெடந்து மருகுத? போன வருசமும் இந்த சீட்டுக்கு அலைஞ்ச. இதையும் விட்டுட்டு என்ன பண்ணப் போற?”

“அச்சா, ஆனா டர் லக்ரா ஹைப்பா.”

“பயப்படாத. போட்டேன்னு சொல்லிட்டு வா.”

கவிதா தன் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலியில் ஒரு பெரியவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

3

உள்ளே போனால் மேசைக்கு அந்தப் பக்கம் அதே பெரியவர். முன்னால் பெயர்ப்பலகை: டாக்டர் ராமசுப்ரமணியன்.

சுபாஷிணி உட்கார மறந்து பெயர்ப்பலகையை மறுபடி படித்தாள். எனக்குச் சந்தோஷம், கதை நகர்கிறதே என்று. பிறகு வெட்கமாக இருந்தது.

(அவருக்குத் தமிழ் தெரியுமா? பெயரை வைத்துச் சொல்ல முடியாது. தமிழில் பத்து வரை எண்ணத் தெரியாத ராமசுப்ரமணியன்கள் டில்லியில் உண்டு. நான்தான் முடிவு செய்ய வேண்டும். தெரியும் என்றால், அவள் சொல்லப்போகும் உண்மை வெறும் மாட்டிக்கொண்ட பயம். தெரியாது என்றால் அது அவளுடைய உண்மை. இந்த அடைப்புக்குறிக்குள் பல நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.)

அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: “இதை நீங்களே செய்தீர்களா?”

முதல் வடிவம். “செய்தேன்” என்றாள். இடம் கிடைத்தது. அப்பா மலை மந்திரில் முருகனுக்கு அர்ச்சனை செய்தார். பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம், சீனியர் சாப்பிடப் போயிருக்கிறார். பிறந்த குழந்தை அழவில்லை. நர்ஸ் குழாயை எடுத்து அவள் கையில் கொடுக்கிறாள். குழந்தையின் உதடு நீல

இதற்கு மேல் எழுத முடியவில்லை. அந்தக் குழந்தையை உண்டாக்கியவன் நான். சாகடிக்க மனமில்லை. பிழைக்க வைத்தால் நானும் அந்த விண்ணப்பத்தில் ஒரு பொய் வரி எழுதியவனாகிவிடுவேன்.

இரண்டாம் வடிவம். “இல்லை சார். பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். எழுதியது தப்பு.” அவர் விண்ணப்பத்தை மூடினார். “நீங்கள் போகலாம்” என்றார். எழுந்து அவள் கையைக் குலுக்குவதாகவும் ஒரு பத்தி எழுதினேன். படிக்கச் சகிக்கவில்லை, அடித்துவிட்டேன்.

4

இரண்டாவதையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குழந்தை போக மாட்டேன் என்கிறது. சுபாஷிணி விட்ட இடம் காலியாகவா இருக்கப் போகிறது? அடுத்த பெயர் கவிதா. நர்ஸ் நீட்டும் குழாய் இனி அவள் கைக்கு.

கதவைத் திறந்ததும் கவிதா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

“க்யா பூச்சா யார்? ஜல்தி பதா!”

என்ன கேட்டார்கள், சீக்கிரம் சொல் என்கிறாள். பியூன் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

சொன்னால் கவிதா பதிலைத் தயார் செய்துகொண்டு உள்ளே போவாள். அது எந்தப் பதில் என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால், இத்தனை வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவளை மாட்டிக்கொள்ளட்டும் என்று அனுப்பியதாகும். சுபாஷிணி என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். என்னிடம் ஒன்றுமில்லை, களைத்துவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள். கவிதா இன்னும் கையை விடவில்லை.