விதை எண் ஏழு

அன்று மேனேஜரின் அறையில் நான் எவ்வளவு நேரம் வாய் திறக்காமல் நின்றேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. ஒரு நிமிடம் என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். அதைவிட நீளமாகவும் இருந்திருக்கலாம்.

குழந்தைகள் புத்தகங்களுக்குப் பின்னணிப் படம் வரையும் நிறுவனம் அது. நானும் என் அக்காவும் அங்கே வேலை பார்த்தோம். ஜன்னல் இல்லாத அறை. என் மேசை சுவரோரம். அக்கா எழுந்து நாற்காலியை இழுத்தால்தான் நான் வெளியே போக முடியும். காடு வேண்டுமென்றால் கணினியில் நான்கைந்து மரங்களை வரைந்து, நகலெடுத்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் சிறிதாக்கி, நகர்த்தி வைக்க வேண்டும். இருநூறு மரத்துக்கு ஒரு பகல் போய்விடும்.

இணையத்தில் எனக்கு ஒரு சின்ன நிரல் கிடைத்தது. எவ்வளவு சாயலாம், எவ்வளவு சிறுக்கலாம் என்று எல்லை சொல்லிப் பொத்தானை அழுத்தினால், மரங்களை அதுவே இறைத்துவிடும். மூன்று வினாடியில் காடு. நான் அக்காவிடம் கூடச் சொல்லவில்லை. கை வேகம் என்று நினைக்கட்டும், மாலையில் சீக்கிரம் கிளம்பலாம் என்று கணக்குப் போட்டேன்.

மேனேஜரும் ஒரு கணக்குப் போட்டார். மறுவாரம் சுவரில் தாள் ஒட்டினார்: ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று படம். மாதக் கடைசிக்குள் எட்டாதவர்களுக்கு வேலை இல்லை.

"நல்லா வச்சடி ஆப்பு, மின்னல்," என்றாள் அக்கா. அன்றிலிருந்து என் பெயர் அதுதான். வேறு வழியில்லாமல் நிரலைப் பற்றிச் சொன்னேன்.

"உன் கம்ப்யூட்டர்லயும் போட்டுத் தரேன்க்கா."

"அது மரத்தை எங்க வேணா கொண்டுபோய் நிறுத்தும். முயல் எந்தப் பக்கம் ஓடும்னு அதுக்குத் தெரியுமா?"

"முயலைக் கேட்டுட்டு வரவா?"

சிரித்துவிட்டாள். ஆனால் மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது, எழுந்து தன் நாற்காலியைக் காட்டினாள். அவள் பின்னால் நின்று பார்க்க, அவளுடைய நட்சத்திர வானத்தை நான் இறைத்தேன்.

அந்த நிரலில் 'விதை எண்' என்று ஒரு கட்டம் உண்டு. எண்ணை மாற்றினால்தான் புதிய சிதறல். அதே எண்ணென்றால் அதே இடங்கள்தான் திரும்ப வரும். முதல் நாள் சோதனைக்காக ஏழு என்று போட்ட நான், பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. மரம், மீன், பூ என்று உருவங்கள் மாறிக்கொண்டே இருந்ததால் கண்ணுக்குத் தட்டுப்படவும் இல்லை. அக்காவின் கணினிக்கு நகலெடுத்தபோது ஏழும் கூடவே போனது.

பதிப்பகத்தில் யாரோ என் காட்டையும் அவள் வானத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, இரண்டு தாள்களையும் விளக்குக்கு நேரே பிடித்தார். மரம் நின்ற இடத்திலெல்லாம் நட்சத்திரம்.

"தங்கச்சி படம் திங்கக்கிழமை போச்சு. உங்களுது வியாழக்கிழமை. அதைப் பார்த்துப் போட்டீங்களாம்மா?"

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு எண். சொன்னால் என் கை வேகத்தின் சாயம் வெளுத்துவிடும். ஏசி நின்றது. மறுபடி ஓடியது.

"ஆமா சார், பார்த்துத்தான் போட்டேன்," என்றாள் அக்கா.

அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். மேனேஜர் கோபப்படவில்லை. நிரலின் பெயரை எழுதிக்கொண்டார்.

"இவ்வளவு வேகமா முடியும்னா ரெண்டு பேர் எதுக்கும்மா? நீங்க ஒருத்தரே எட்டு போடலாமே," என்றார் என்னைப் பார்த்து.

படிக்கட்டில் அக்கா பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாமேடி."

"அப்பவும் அவர் இதேதான்க்கா சொல்லியிருப்பார்."

"சொல்லியிருப்பார். நான் பொய் சொல்லியிருக்க வேண்டாம்."

அக்கா இப்போது ஒரு திரைச்சீலைக் கடையில் துணி அளந்து வெட்டுகிறாள். என்னோடு பேசுகிறாள், என் வேலையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. மேனேஜர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவர் ஒட்டிய தாள் சுவரிலேயே இருக்கிறது, மூன்றை அடித்து எட்டு என்று எழுதி. அந்தக் காடும் வானமும் உள்ள புத்தகங்கள் இரண்டும் வந்துவிட்டன. நான் அதே சுவரோர மேசையில் இருக்கிறேன். தினமும் காலையில் முதல் வேலையாக அந்த விதை எண்ணை மாற்றுகிறேன்.