மற்றும் பலர்

என் கணவர் இறந்த ஏழாவது வாரம் ஆய்வேட்டைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. எழுத வேண்டியதையெல்லாம் எழுதியாகிவிட்டது. துணைநூற்பட்டியலை ஒரே முறையில் அடுக்குவதுதான் பாக்கி.

முறைக்கா பஞ்சம்? நூலகத்து அக்கா இரண்டு கையேடுகளை எடுத்து வைத்தார். எதைப் பின்பற்றினாலும் துறைக்குச் சம்மதம்தான். ஆனால் நெறியாளர் கையெழுத்து வேண்டும், அவர் சொன்னது மெல்லிய கையேட்டை. அதன்படி மூன்று பேருக்கு மேல் எழுதிய கட்டுரையென்றால் முதல் ஆளுக்கு மட்டும் பெயர். மிச்சப்பேர் ‘மற்றும் பலர்’.

பட்டியலில் உப்பு மண்ணைப் பற்றிய கட்டுரை ஒன்று, நான்கு பேர் எழுதியது. முதல் பெயர் நெறியாளருடையது, கடைசிப் பெயர் என் கணவருடையது. வெயிலில் மண் தோண்டியது, உப்பை அளந்தது, உட்கார்ந்து எழுதியது எல்லாம் அவர்தான். அவர் பெயரில் வெளிவந்தது அது ஒன்றுதான். மெல்லிய கையேட்டை எடுத்தால் என் ஆய்வேட்டில் அவர் பத்தோடு பதினொன்று. எத்தனை பேர் எழுதினாலும் அத்தனை பேரையும் போடச் சொன்ன தடிக் கையேட்டை எடுத்துக்கொண்டேன்.

“பைத்தியமா உனக்கு? முந்நூத்துப் பன்னெண்டு உருப்படி. ஒவ்வொண்ணா மாத்தணும்” என்றார் அக்கா.

“மாத்திடறேன்க்கா.”

இதற்கெல்லாம் மென்பொருள் இருக்கிறது. நான்தான் ஆரம்பத்திலிருந்தே கையால் தட்டித் தொலைத்திருந்தேன். மூன்று நாள் ஆயிற்று. அவர் பெயர் வந்த வரியில் அழுகை வரும் என்று நினைத்தேன். பக்க எண்ணைச் சரிபார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். என்மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நெறியாளர் பட்டியலைப் பார்த்து முகம் சுளித்தார்.

“நான் சொன்ன முறை இது இல்லையேம்மா.”

“இல்ல சார்.”

“கையெழுத்துக்கு மட்டும் நான் வேணுமா?”

“நீங்க சொன்ன முறையில அவர் பேரு வராது சார்.”

அவர் பக்கங்களைப் புரட்டினார். அந்த வரியில் விரல் நின்றது.

“முதல்ல அவன் பேருதான் இருந்தது. அனுப்பறதுக்கு முன்னாடி நான்தான் மாத்தினேன்” என்றார். “உனக்குத் தெரியாது.”

“தெரியும் சார். அவருக்கும் தெரியும்.”

அவர் நிமிரவில்லை. கையெழுத்துப் போட்டார். தேதியைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மை காயட்டும் என்று நின்றேன்.