கழுத்தை மூடும் காலர்

தலைவர் செத்து இருபது வருடம் ஆகிவிட்டது. அவர் கட்டிய பாலம் இடிந்துவிட்டது, கட்சி உடைந்துவிட்டது. அவர் மனைவி போட்ட காலர் மட்டும் இன்னும் சாகவில்லை. தாடையை முட்டும் அந்த உயரமான ரவிக்கைக் காலரை வைத்துத்தான் என் தையல்கடை ஓடுகிறது. மானமுள்ள பெண் என்றால் கழுத்தை மூட வேண்டுமாம். மண்ணாங்கட்டி!

முதல் காலரைத் தைத்தவள் எங்கம்மா. அளவெடுக்கத் தலைவர் வீட்டுக்குப் போனபோது அந்தம்மாவின் கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்ததாம். உள்ளே விறைப்பான கேன்வாஸ் துணியை மடித்து வைத்து, வேர்வைக்கும் துவளாதபடி தைத்துக் கொடுத்தாள். பேப்பரில் அந்தம்மா படம் வந்ததும் ஊரே எங்கள் வாசலில் வரிசையாக நின்றது. காரணத்தை அம்மா என்னிடமும் தங்கச்சியிடமும் மட்டும்தான் சொன்னாள். வெளியே மூச்சு விட்டால் தோலை உரித்துவிடுவேன் என்றாள்.

அதனால்தான் நேற்று தங்கச்சி கடைக்கு வந்து, "அக்கா, காலரை இன்னும் அரை இஞ்ச் தூக்கித் தைச்சுக் குடு" என்றதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயால் சொல்ல முடியாததை அவள் அளவாகச் சொல்கிறாள். போட்டிருந்த காலரின் பொத்தான்களைக் கழற்றினேன். தொண்டையின் இரண்டு பக்கமும் கன்றிப் போயிருந்தது.

"இனிமே அந்த வீட்டுப் பக்கம் போகாதே."

"விடமாட்டாருக்கா. கொன்னுடுவாரு."

நூறு ஆயுசு அந்தப் பாவிக்கு. அவள் புருஷன் லாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். தங்கச்சி அவசரமாகப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள்.

"ஊரெல்லாம் என் மானத்தை வாங்குறியா?"

பின்னாலிருந்து காலரைப் பிடித்து முறுக்கித் தரதரவென்று இழுத்தான். சாதாரணத் துணி என்றால் கிழிந்திருக்கும். எங்கள் வீட்டுத் தையல் கிழியுமா? இறுகியது. அவள் கால்கள் மெஷினை உதைத்தன, கண்கள் செருகின. கத்திரியைக் காலருக்குள் நுழைக்கப் பார்த்தேன். நகம் நுழையக்கூட இடமில்லை. மேலாக வெட்டினால் கேன்வாஸ் அசைந்து கொடுக்கவில்லை. அவன் முழங்கையால் என் வாயில் இடித்தான். ஒரு பல் ஆடியது.

நான் தைத்த காலரே அவளைக் கொல்கிறது என்று புரிந்ததும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. கத்திரியை அவன் மணிக்கட்டில் இறக்கினேன். எலும்பில் முட்டியது. அவன் விடவில்லை. பிடுங்கி மறுபடியும் இறக்கினேன். அலறிக்கொண்டு கையை எடுத்தவன், மறு கையால் என் தலைமயிரைப் பிடித்தான். கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியை அவன் முகத்தில் வைத்து அழுத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பாவம் என்று தோன்றவே இல்லை.

அவன் வெட்டுத்துணிக் குவியலில் விழுந்தான். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்துக் கடைக்காரி போலீஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி இருமி இருமி எழுந்தாள். காலர் பொத்தான்களைக் கழற்றி, கழுத்தை நிமிர்த்தி, வாசலில் போய் நின்றாள். பெண்கள் முண்டியடித்து அந்தக் கன்றிய கழுத்தைப் பார்த்தார்கள்.

தோல் உரிந்த முகத்தோடு, இரத்தம் கொட்டும் கையோடு அவன் உள்ளேயிருந்து கெஞ்சினான்.

"ஏய், மூடுடி! எல்லாரும் பாக்குறாங்கடி!"